ஃப்ரிட்ஜுக்குக் காற்று வாங்கிக் கொடுத்த கதை

அன்பிற்குரிய மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், வேனும் நலம். நீ பிடித்துக் கொடுத்த ஃப்ரிட்ஜ் மட்டும் நலமாக இல்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் சௌக்கியமாக இருக்கட்டும். இந்தக் கஷ்டம் வேறு யாருக்கும் வர வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே தாளை எடுத்தேன்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. இன்சுலின் போட ஆரம்பித்ததிலிருந்து உன் அக்கா எங்கேயும் போய்த் தங்குவதில்லை. போகிற வீட்டிலெல்லாம், "உங்க ஃப்ரிட்ஜுல இதைக் கொஞ்சம் வெச்சுக்கட்டுமா" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களும் நல்ல மனதோடு வாங்கி மீனுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பிறகு எவ்வளவு காலமாகச் சர்க்கரை, எந்த டாக்டர், பாகற்காய் சாப்பிட்டுப் பார்த்தாயா என்று விசாரணை தொடங்கும். "மருந்து வைக்க இடம் கேட்டுக் கேட்டே எனக்கு வயசாயிடுச்சுங்க" என்று ஒருநாள் சொன்னாள். அவள் அதிகம் குறைப்படுகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். அதனால்தான் அந்தப் பழைய ரொட்டி வேனை வாங்கினேன். கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, தண்ணீர்த் தொட்டி மாட்டி, கடற்கரை ஊரில் இருக்கும் அவளுடைய சிநேகிதியைப் பார்க்க, வழியில் பிடித்த இடத்திலெல்லாம் நின்று நின்று போவதாக ஏற்பாடு. யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். அவள் மருந்து அவள் வீட்டிலேயே இருக்கும். வீடு கூடவே வரும்.

பாக்கி இருந்தது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அதற்கு நீ என்ன சொன்னாய்? "அதுக்கு என்ன அத்தான், பெட்டியை உள்ளே வெச்சு பேட்டரியில வயரைக் கொடுத்தா முடிஞ்சுது." உன் சிநேகிதர் வேண்டாம் என்று தள்ளிய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றையும் லாரியில் ஏற்றி அனுப்பினாய். அவர் ஏன் தள்ளினார் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. தச்சர் வந்து அதை அளந்து, பக்கக் கதவை ஒட்டி அழகாக ஓர் அலமாரி செய்து அதற்குள் நுழைத்தார். "நடுவுல ஒரு காகிதம் போகாது சார், பாருங்க" என்று அவர் பெருமையாகச் சொல்ல, நான் நிஜமாகவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்துவிட்டு, போகாததைக் கண்டு மகிழ்ந்து, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அலமாரியைத் தொட்டால் சுடுகிறது. உள்ளே வெண்ணெய் எண்ணெயாக நிற்கிறது. கம்ப்ரஸர் நிற்காமல் உறுமி உறுமி பேட்டரியையும் குடித்துவிட்டது.

நீ எட்டாம் வகுப்பில் என்னிடம் வெப்பப் பாடம் படித்தவன். படித்தவன் என்பதைவிட, அந்த நேரத்தில் ஜன்னல் வழியே கால்பந்து பார்த்தவன். ஆகவே மறுபடி சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி முதுகுப் பக்கம் கொட்டுகிறது. வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாசலுக்குத் தள்ளுகிறாய் என்று வைத்துக்கொள். வாசல் கதவு சாத்தியிருந்தால் குப்பை எங்கே போகும்? காலைச் சுற்றிக்கொண்டுதான் கிடக்கும். நம் அலமாரிக்குள் நடந்தது அதுதான். இதை எத்தனையோ வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன், காகிதம் நுழையவில்லை என்று சந்தோஷப்பட்டேன் என்பதை உன் மனைவியிடம் சொல்லாதே.

உனக்குப் போன் செய்தேன். "அலமாரிக் கதவுல ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேன் வையுங்க அத்தான்" என்றாய். வைத்தேன். சூடு வெளியே வந்தது, அதாவது அலமாரியை விட்டு வேனுக்குள் வந்தது. கட்டிலில் என் கால் வைக்கும் இடத்துக்கு நேராக அந்த ஃபேன். மத்தியானம் சாய்ந்தேன், கால் இட்லிப் பானைக்குள் இருப்பதாகக் கனவு கண்டு எழுந்தேன். உன் அக்கா தலைமாட்டை மாற்றிப் படுக்கச் சொன்னாள். படுத்தேன். இப்போது தலை வெந்தது.

மறுபடி உனக்குப் போன். "சூட்டை வண்டிக்கு வெளியவே அனுப்பிடுங்க அத்தான், பக்கத்துத் தகடுல கீழ ஒண்ணு, மேல ஒண்ணு" என்றாய். இது நல்ல யோசனை, மறுக்கவில்லை. கீழ்த் துளை வழியே குளிர்ந்த காற்று நுழையும், சூடான காற்று மேல் துளை வழியே வெளியேறும். தகடு வெட்டுபவரை வரவழைத்தேன். எதைக் கேட்டாலும் "உடனே" என்பதால் பட்டறையில் அவருக்கு உடனே என்றே பெயர். நான் வேனைப் பூட்டிவிட்டு, வெளிப்புறம் சாக்பீஸால் இரண்டு சதுரம் வரைந்தேன். கோணம் பிசகவில்லை. உடனே உடனே வெட்டினார். தகடு அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர் வேனுக்குப் பிரசவமா என்று கேட்டார். துளைகளுக்கு வலை அடித்து, மழை விழாமல் தகட்டோடு படிந்த மூடாக்கும் வைத்தோம். வேனைப் பூட்டி விட்டுக் காலையில் பார்த்தால், தண்ணீர் பல் கூசக் குளிர்ந்திருக்கிறது. உன் அக்கா அன்று என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதை ஏரிக்கரை வரைதான் தாங்கியது. ஒத்திகை பார்க்கலாம் என்று அங்கே போனோம். கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, நல்ல காற்றில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் பார்த்தால் பால் திரிந்து கிடக்கிறது. வீட்டுக்கு வந்து பூட்டி வைத்தேன், குளிர்ந்தது. மறுநாளும் ஏரிக்கரை, மறுபடி சூடு. வீட்டில் ஒப்பிக்கச் சொன்னால் மளமளவென்று சொல்லிவிட்டுப் பரீட்சை ஹாலில் போய் மேலே பார்க்கிற பையன்கள் உண்டல்லவா, அந்த ஜாதி என்று ஃப்ரிட்ஜைத் திட்டினேன். வயரை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். உன்னையும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

கடைசியில் உன் அக்காதான் ஏரிக்கரையில் வேனைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "ஏங்க, நீங்க வெட்டின ஓட்டை எங்க?" என்றாள்.

"ஏன், பக்கத்துலதான் இருக்கு."

"எங்க, காட்டுங்க."

போய்ப் பார்த்தால் ஓட்டை இல்லை. இரண்டும் இல்லை. அவள் கதவை இழுத்து மூடினாள். ஓட்டைகள் வந்தன. திறந்தாள். போயின. ரொட்டி வேனின் கதவு பின்பக்கமாக நகர்ந்து திறக்கிற கதவு. நகர்ந்து எங்கே போய் நிற்கும்? நான் கோணம் பிசகாமல் சாக்பீஸ் போட்ட தகட்டின் மேல்தான். பூட்டிய வேனில் அளந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

"மூடினா அது மூச்சு விடுது, திறந்தா நாம மூச்சு விடறோம்," என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து விட முடியாது. அப்படித்தானே?"

அப்படித்தான். இந்த வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மருந்து பிழைக்கும், நாங்கள் பிழைக்க மாட்டோம். எதிர்ப்பக்கத் தகட்டில் வெட்டலாம் என்றால் அங்கே அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். எல்லாவற்றையும் கழற்றி மாற்ற ஒரு மாதம் ஆகும் என்கிறார், உடனேவே. உன் அக்கா திங்கட்கிழமை ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட் எடுத்துவிட்டாள். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுபோகிறாளாம். "நீங்க உங்க ஃப்ரிட்ஜோட மெதுவா வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, சாதாரணமாகச் சொன்னாள். ரயிலை விட்டு இறங்கியதும் அவள் மறுபடி அதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறாள், உங்க ஃப்ரிட்ஜுல இதைக் கொஞ்சம் வெச்சுக்கட்டுமா என்று. அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே நீ சனிக்கிழமை கட்டாயம் வந்து சேர். வந்து அக்காவிடம் பேசி டிக்கெட்டை ரத்து செய்ய வை. உன் பேச்சைக் கேட்பாள். போகும்போது வேனையும் ஃப்ரிட்ஜையும் ஓட்டிக்கொண்டு போய், உன் சிநேகிதரிடமோ வேறு யாரிடமோ தள்ளிவிடு. இனி இந்த வீட்டில் வேன் என்ற பேச்சே கூடாது.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எங்கே ஓட்டை போட வேண்டும் என்று தெரிந்த மனிதர்களாக வளர எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வெந்துபோன உன் அத்தான்

பி.கு.: முகவரி சரியா என்று பார்க்க இதை உன் அக்காவிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்துவிட்டு, "பின்னாடி ரெண்டு கதவு இருக்கே, அது எதுக்கு?" என்றாள். அது எதற்கும் இல்லை. உள்பக்கம் நான் புத்தக அலமாரி அடித்து அதை மறைத்துவிட்டேன். பிரயாணத்தில் படிக்கலாமே என்றுதான். "கடல் பக்கம் வண்டியோட முதுகைக் காட்டி நிறுத்துங்க. பின்கதவைத் திறந்து உட்கார்ந்துக்கலாம். பக்கக் கதவை யாரு திறக்கப் போறா?" என்றாள். அலமாரியை அவளே கழற்றினாள். நேற்றெல்லாம் பின்கதவைத் திறந்து வைத்து, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தோம். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. மருந்தும் ஜில்லென்று இருக்கிறது. டிக்கெட்டை அவளே ரத்து செய்துவிட்டாள். ஃப்ரிட்ஜ் அருமையான ஃப்ரிட்ஜ். உன் சிநேகிதருக்கு நன்றி சொல். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். சனிக்கிழமை நீ வரத்தான் வேண்டும், ஆனால் வேனுக்காக அல்ல. புத்தகங்கள் கூடத்தில் குவிந்து கிடக்கின்றன, உன் வீட்டுக்குக் கொண்டு போ. சாவி எதிர்வீட்டில் இருக்கும். நாங்கள் இருக்க மாட்டோம். உன் அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறாள்.