பெரியவர் கண் விழித்த வைபவம்

ஒற்றுமைக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் உதாரணம்தான் சொல்ல முடியும். அது ‘என்றும் பிரியோம்’ என்ற நெடுந்தொடரில் வரும் குடும்பம். அண்ணன் தம்பி சொத்துக்காக அடித்துக்கொள்ளும் காலத்தில், வாரத்தில் ஆறு நாள், விளம்பர இடைவேளை நீங்கலாக, ஒரே சோபாவைச் சுற்றி நின்று அழுகிற குடும்பம் வேறெங்கே உண்டு? அந்தக் குடும்பத்தை விட்டு யாரும் பிரிந்ததே கிடையாது. முகங்கள் மட்டும் அவ்வப்போது மாறும்.

மூத்த மகனுக்கு இப்போது இருப்பது மூன்றாவது முகம். முதல் முகம் சினிமாவுக்குப் போய்விட்டது. இரண்டாவது முகம் தயாரிப்பாளரின் பிறந்தநாள் விருந்துக்கு வராத குற்றத்துக்காக, தொடரில் குளிக்கப் போய் மூன்றாவது முகத்தோடு வெளியே வந்தது. திரையின் அடியில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி ஓடியது. அதோடு காரியம் முடிந்தது. பெற்ற தாயே துண்டை நீட்டி, “தலையை நல்லாத் துவட்டுப்பா” என்றாள். அந்தத் தாயும் முந்தின வாரம் வந்து சேர்ந்தவள்தான். கடைக்குட்டிப் பெண் ஒருநாள் தலைவலி மாத்திரை எடுக்க மாடிக்குப் போனாள். மாத்திரை இன்னும் அகப்படவில்லை போலிருக்கிறது, இறங்கவேயில்லை. வீட்டில் யாரும் தேடவும் இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்தக் குடும்பத்தின் தலைவர் பெரியவர். அவராக நடித்தவரைப் படப்பிடிப்பில் ‘படுக்கை சார்’ என்பார்கள். மரியாதைக் குறைவாக அல்ல. அதுதான் அவருடைய உத்தியோகம். சில வருஷங்களுக்கு முன்பு மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டார். தயாரிப்பாளர் பெரிய மனசு பண்ணி, லீவுக்குப் பதிலாகக் கோமா கொடுத்தார். மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்ததாகக் கதை. கல்யாணம் முடிந்து அவர் வருவதற்குள் தொடரின் ரேட்டிங் எகிறிவிட்டது. கண்ணை மூடிய நடிப்பில் அவருக்கு இருந்த ‘ஆழத்தை’ சேனல் அப்போதுதான் கண்டுபிடித்தது. அன்று படுத்தவர்தான்.

ஒரு காலத்தில் மேடையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கப் பேசியவர். இப்போது பேத்தி பிறந்து, வளர்ந்து, பேச்சும் வந்துவிட்டது. டிவியில் தாத்தாவைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்து, “ஷ்ஷ், தாத்தா தூங்குறாங்க” என்று வீட்டையே அடக்குவாள். அது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. பேத்தி பார்க்க ஒரே ஒரு வரி பேசிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

கோமாவில் இருப்பவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பும் உண்டு. தொடரில் யாருக்கு என்ன ரகசியம் இருந்தாலும் நேராக அவர் தலைமாட்டுக்கு வந்து கொட்டிவிடுவார்கள். மூத்த மருமகளும் அப்படித்தான், “மாமா, உங்களைப் படியில தள்ளிவிட்டது நான்தான் மாமா” என்று ஒரு வாரம் முழுக்க அழுதாள். அந்த வேஷத்தில் நடித்தவர், ஷாட் முடிந்ததும் கிளிசரினைத் துடைத்துக்கொண்டு, ஏ.சி. குளிரில் விறைத்துக் கிடக்கும் அவர் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டுத்தான் போவார். வசனப் பேப்பரில் அது எழுதியிருக்காது. முதல் நாளிலிருந்து முகம் மாறாதவர்களும் இவர்கள் இருவர் மட்டும்தான்.

ரேட்டிங் மறுபடி சரிந்தது. சேனலிலிருந்து கிரியேட்டிவ் ஹெட் ஒருவர் மடிக்கணினியோடு வந்து இறங்கினார். மிக உயர்மட்டக் கூட்டம் ஒன்று கூடியது. வழக்கமாக எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத படுக்கை சாருக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த நிலையில் அவரைப் பார்த்துப் பழக்கமில்லாத தயாரிப்பாளர், “யாரு சார் நீங்க?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“கிராஃப் படுத்துடுச்சு. அது எந்திரிக்கணும்னா பெரியவர் எந்திரிக்கணும்” என்றார் கிரியேட்டிவ் ஹெட்.

தயாரிப்பாளர் யோசித்தார். “எந்திரிச்சா பேசுவாரே மேடம்?”

“பேசட்டும். ஒரே ஒரு வரி. நேரலையில! ‘மூத்தவளே, என்னைத் தள்ளிவிட்டது நீதான்!’ போலீஸ் வருது, மருமக ஜெயிலுக்குப் போறா, நாமளும் கைகழுவிடலாம்.”

“ஏங்க, அந்தம்மா நல்லாத்தானே நடிக்குது?” படுக்கை சாருக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

“நடிப்புல குறை சொல்லல சார். பையனுக்குப் பரீட்சை, சாயங்காலம் சீக்கிரம் விடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. ஒத்துழைப்புக் குறைவு.”

தயாரிப்பாளர் படுக்கை சாரின் தோளைத் தட்டினார். “யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கண்ணைத் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சீங்கன்னா, உங்களை மேல்சிகிச்சைக்கு வெளிநாடு அனுப்ப வேண்டியிருக்கும்.”

தொடர்களில் மேல்சிகிச்சைக்கு வெளிநாடு போனவர்கள் யாரும் பிழைத்து வந்து அடுத்த சம்பளம் வாங்கியதில்லை. படுக்கை சார் தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை நடந்தது. “மூத்தவளே! என்னைத் தள்ளிவிட்டது நீதான்!” குரல் இன்னும் கணீரென்றுதான் இருந்தது. அவருக்கே புல்லரித்தது. அதே நிமிஷம் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

“உள்ள யாரை யாரு தள்ளிவிட்டா?” என்று மனைவி வெளியிலிருந்து கேட்டார். “தண்ணியை நிறுத்திட்டுக் கத்துங்க!”

நேரலை நாளும் வந்தது. அன்று அவருக்குத் தனியாக மின்விசிறி, தனியாக டீ. மேக்கப் அறையில் மூத்த மருமகள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சார், இன்னிக்கு முழிச்சதும் யார் பேரையோ சொல்லப் போறீங்களாமே. என் பேர் இல்லல்ல?”

அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

“வீட்டுல நான் ஒருத்திதான் சார் சம்பாதிக்கிறேன். ஜெயிலுக்குப் போனா யாரும் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. பையன் வேற பன்னிரண்டாவது.” எழுந்துகொண்டே, “பரவாயில்ல, உங்களைச் சொல்ல வைக்கிறாங்கன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றார்.

படுக்கை சார் தொழில் தெரிந்தவர். என்ன செய்வதென்று தெரியாதபோது செய்யப் பழகியதைச் செய்தார், கண்ணை மூடிக்கொண்டார். போர்வை எடுத்து வந்து வைத்துவிட்டு அந்தம்மா போய்விட்டார்.

விளக்குகள் எரிந்தன. கேமரா ஓடியது. நாடே பார்ப்பதாக அறிவிப்பாளர் சொன்னார். படுக்கையைச் சுற்றிக் குடும்பம் நின்றது. ஒரு விரல் அசைந்தது; பின்னணியில் வயலின் அலறியது. இமை துடித்தது, டிரம்ஸும் சேர்ந்துகொண்டது. பெரியவர் கண்ணைத் திறந்தார்.

மூத்த மகன் அவர் மார்பில் விழுந்தான். “அப்பா!”

பெரியவர் அவனை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்தக் கட்டிலிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை. சொல்ல வேண்டிய வரி நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

“தம்பி, நீங்க யாரு?”

வயலின் நின்றது.

“நான்தாம்ப்பா, உங்க மூத்த பையன்!”

“இல்லையே. என் பையன் மூக்கு இப்படி இருக்காது. அவன் எங்க?”

“என்னங்க!” என்று ஒருத்தி நிலைமையைச் சமாளிக்க முன்னால் வந்தாள்.

“இந்தப் பொண்ணு யாரு?”

“ஐயோ, உங்க சம்சாரங்க நான்!”

“அம்மாடி, உனக்கு என் பொண்ணு வயசுதானே இருக்கும்? பொண்ணுன்னதும் ஞாபகம் வருது. மாத்திரை எடுக்க மாடிக்குப் போனாளே சின்னவ, இறங்கினாளா இல்லையா? யாராவது போய்ப் பார்த்தீங்களா?”

எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். கேமராமேனும் பழக்கதோஷத்தில் கேமராவை அங்கே திருப்பினார். படிகள் பாதியில் முடிந்து, அதற்குமேல் பலகையும் ஆணியும் தெரிந்தன. அங்கே ஏணியில் உட்கார்ந்திருந்த லைட்மேன் அவசரமாகக் கும்பிட்டார்.

பெரியவரின் கண்கள் சுற்றி வந்து மூத்த மருமகளிடம் நின்றன. “உன்னைத்தாம்மா தெரியுது. இந்த வீட்டுல எனக்குத் தெரிஞ்ச முகம் நீ ஒருத்திதான். கிட்ட வாம்மா.” அந்தம்மா கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளிசரின் போட மறந்திருந்தார்கள், அழுகை வந்தது.

கேமராவுக்குப் பின்னால் கிரியேட்டிவ் ஹெட் டாக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். டாக்டர் வேஷத்தில் இருந்தவர் தயாரிப்பாளரின் மச்சான். ‘எதையும் உறுதியாச் சொல்ல முடியாது’ என்பதைத் தவிர வேறு வசனமே பேசியிராத அந்த மேதைக்கு அன்று சரஸ்வதி கடாட்சம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“மனசைத் திடப்படுத்திக்குங்க. பெரியவருக்கு ஞாபகம் சுத்தமாப் போயிடுச்சு!”

வயலின் மறுபடி அலறியது. குடும்பம் நிம்மதியாக அழுதது. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்பதைச் சரியாகச் சொன்ன ஒரே மனிதருக்கு நினைவு தப்பிவிட்டதாக இவ்வாறு முறைப்படி அறிவிக்கப்பட்டது. நினைவில்லாதவர் சாட்சி சொல்ல முடியாது என்பதால் மூத்த மருமகளின் ஜெயிலும் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. ரேட்டிங் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. தயாரிப்பாளர் படுக்கை சாரைக் கட்டிக்கொண்டு, “இனிமே தினமும் நீங்க பேசலாம் சார். என்ன வேணா கேளுங்க. யாரும் பதில் சொல்லத் தேவையில்லை!” என்றார்.

பேசியதும், காப்பாற்றியதும், பேத்தி பார்த்திருப்பாள் என்பதும் சேர்ந்து, அவர் வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்புகள் நிறைய கிடந்தன. உள்ளே பக்கத்து வீட்டம்மா ஆப்பிள் பையோடு உட்கார்ந்திருந்தார். மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. அவர் கையைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நான் யாருன்னாவது தெரியுதா?”

“என்ன கேள்வி இது?”

“பெத்த பிள்ளையைப் பார்த்து யாருன்னு கேட்டுட்டீங்களே! அவன் எப்படித் துடிச்சுப் போயிட்டான் தெரியுமா?”

“அடியே, அவன் மூணாவது ஆளுடி! முன்னாடி நடிச்சவனுங்க வேற. நீயும்தானே தினமும் பார்த்தே? உனக்கு ஞாபகம் இல்லையா?”

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டம்மாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பார்த்தீங்களா? டாக்டர் சொன்னது சரியாத்தான் இருக்கு.”