பேத்திக்கு முந்திப் பேசிவிட்டேன்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதுவது.

இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் வேலை பார்க்கிற ஊரில் சுகமாக இருப்பீர்கள். இதைச் சொல்லாமல் விஷயத்துக்குப் போகக்கூடாது என்று தையற்காரர் கத்தரிக்கோலைக் காட்டியதால் சொன்னேன். மற்றபடி நலம் விசாரிக்கிற முகம் எனக்கில்லை. போனில் சொல்லியிருக்கலாம். நீ சிரிப்பாய். அதைக் கேட்கத் தெம்பில்லை.

உன் மகள் வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், மின்விசிறியைக் கூட்டிக் குறைக்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

தேர்தல் வருகிறதல்லவா, அதைப் பற்றி மாணவர்கள் பேசுகிற கூட்டம் ஒன்றை அவள் கல்லூரியில் வைத்தார்கள். நன்றாகப் பேசுகிற ஒருவரைத் தலைநகரில் நடக்கும் பெரிய மாநாட்டுக்கு அனுப்புவார்களாம். அதற்காக உன் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடந்து நடந்து பேசிப் பார்த்தாள். என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடித்தவன். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் தானாக வந்து என்னிடம் உட்கார்ந்துகொள்ளும். நீ சின்ன வகுப்பில் ஒப்பித்த பாட்டை நீயே மறந்திருப்பாய், நான் இன்னும் சொல்வேன். எழுத்துத் தெரியாதவன் வேறு எங்கே வைத்துக்கொள்வது? அப்படி அவள் பேச்சும் இருமல் உட்பட எனக்குள் ஏறிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துவாள். அதையும் பிடித்துவிட்டேன். என்ன சொல்கிறாள் என்று பிடித்தேனே தவிர, யாரைச் சொல்கிறாள் என்று யோசிக்கவில்லை.

"தாத்தா, கை தட்டுங்க, போதும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப் போனாள். சலவைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சிறப்பு விருந்தினரின் வண்டி வழியில் மாட்டிக்கொண்டது. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. பேராசிரியை அம்மா என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டார். "பெரியவரே, எத்தனையோ தேர்தல் பாத்திருப்பீங்க. அவர் வர்ற வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் தட்டினார்கள்.

மேடையில் ஏற்றிவிட்டார்கள். எதிரே அத்தனை தலை. மனசு வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்தேன், உன் மகளின் பேச்சு வந்துவிட்டது. "அவையோர்க்கு வணக்கம். ஆட்சி மாறினால் போதுமா, ஓட்டுப் போடுகிறவர் மாற வேண்டாமா?" என்று ஆரம்பித்ததுதான் தெரியும், நிறுத்துகிற வழி தெரியவில்லை. அவள் இருமுகிற இடத்தில் இருமினேன். அவள் தண்ணீர் குடிக்கிற இடத்தில் பேராசிரியையின் தம்ளரை எடுத்துக் குடித்தேன். அப்புறம் அவள் குரலைத் தாழ்த்துகிற இடம் வந்தது. நானும் தாழ்த்திக்கொண்டு, "எங்கள் வீட்டிலேயே ஒரு முதியவர் இருக்கிறார். ஓட்டுரிமை வந்த நாள் முதல் ஒரே சின்னம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. இந்தப் பழக்கம்தான் மாற்றத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிறது" என்றேன். என் வாயால் சொல்லி என் காதால் கேட்டபோதுதான், ஐயோ, அந்த முதியவர் நான்தான் என்று உறைத்தது. மண்டபம் எழுந்து நின்று தட்டியது. உன் மகள் தட்டவில்லை. கையிலிருந்த தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தபோது பேச என்ன இருக்கிறது? மடித்த தாளைப் பைக்குள் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள். பிறகு, "முதல்ல பேசினவர் எங்க தாத்தா. அவர் சொன்னதை நான் மறுக்கிறேன்" என்றாள். ஒரே சிரிப்பு. தன் பேச்சைத் தானே வரிக்கு வரி வெட்டினாள். அது பழக்கமில்லை, கொள்கைப் பற்று. காய்ச்சலோடும் வாக்குச்சாவடிக்குப் போனவர் அவர். அவரிடம் உட்கார்ந்து காரணம் கேட்கப் படித்த நமக்குப் பொறுமை இல்லை என்றெல்லாம் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி என்னைக் கும்பிட்டார்கள். நான் நாற்காலிக்குள் சுருங்கிப்போனேன். காரணத்தை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எல்லாக் கட்சிச் சின்னத்தையும் சுவரில் வரைந்தவன் நான். அந்த ஒரு சின்னம்தான் வரைய லேசு. நாலு இழுப்பில் முடியும், வெயில் ஏறுமுன் ஏணியை விட்டு இறங்கலாம். அவர்கள் ஜெயித்தால் அடுத்த தேர்தலிலும் அதையே வரையச் சொல்வார்கள் என்றுதான் அதற்கே ஓட்டுக் குத்தினேன். கொள்கைப் பற்றாம்!

வரும் வழியில், "என்ன தாத்தா இப்படிப் பண்ணிட்டீங்க? எனக்குன்னு ஒரு வரிகூட மிச்சம் வைக்கலையே" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. யாரை அனுப்புவது என்று கல்லூரி இன்னும் சொல்லவில்லை. அவள் பெயர் வராமல் போனால் இந்த வீட்டில் நான் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்? தையற்காரர் எழுதுவதை விட்டுவிட்டு, "அந்தப் பேச்சை எனக்கும் ஒரு தரம் சொல்லுங்க பெரியவரே" என்கிறார். மாட்டேன். இனி எவர் பேச்சும் என் வாயில் வராது. நீ ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அங்கே கூட்டிப் போய்விடு. பையைக் கட்டிவிட்டேன். இந்த முறை எனக்கு ஓட்டும் வேண்டாம், அதற்கு யோக்கியதை இல்லை.

உனக்கும் மருமகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். என் காது மட்டும் நம் வம்சத்தில் வேறு யாருக்கும் வராமல் இருக்கட்டும்.

வெட்கத்தோடு,
அப்பா

பின்குறிப்பு: வராதே. தையற்காரர் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிட்டார், அதற்குள் உன் மகள் பெயர் வந்துவிட்டது. மாநாட்டில் தாளைப் பார்த்துப் பேசக்கூடாதாம். "தாத்தா, நீங்களும் வரணும். முதல் வரிசை. நான் மறந்தா உதட்டை மட்டும் அசைங்க, சத்தம் வந்துச்சு அவ்வளவுதான்!" என்றாள். மனசு தாங்காமல் சின்னத்தின் காரணத்தைச் சொல்லிவிட்டேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு, "சரி, இந்தத் தடவை யாருக்கு?" என்றாள். "யோசிக்கணும்" என்றேன். கட்டிய பையை அவளே அவிழ்த்துவிட்டாள். புதுப் பேச்சில் அந்த ஏணியையும் சேர்த்திருக்கிறாள். அந்த இடத்தில் இப்போது குரலைத் தாழ்த்துவதில்லை, கதவையும் சாத்துவதில்லை.