ஒழுங்காக வருவோரைச் சந்தேகிக்கும் பூட்டு

மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, முன்னாள் படைவீரர்களுக்குத் தபாலில் மருந்து அனுப்பும் வாஷிங்டன் அலுவலகத்தின் மருந்தறை திறக்கவில்லை. மருந்து உள்ளே. நாங்கள் வெளியே. நடந்த தவறு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அரசாங்கம்.

பூட்டு தார்ன்ஹெட்ஜ் கம்பெனியுடையது. அரசாங்கக் கணினிகளைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுகிற கம்பெனி. சாவி கிடையாது. கதவுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கண். அது ஆளைப் பார்க்கும், யோசிக்கும், முடிவு செய்யும். இதைத்தான் மாட்ட வேண்டும் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டிருந்தது. சனிக்கிழமை மாட்டினார்கள். ஞாயிறு முழுவதும் எங்கள் பழைய வருகைப் பதிவையெல்லாம் அது உட்கார்ந்து படித்தது. நான் அங்கே பெட்டி கட்டுகிறவன். என்னை யாரும் கேட்கவில்லை.

தலைமை மருந்தாளுநர் ஒடெஸா ப்ரூயிட் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“பூட்டு வேலை செய்யலைங்க.”

“நல்லாவே வேலை செய்யுது மேடம். உங்களைச் சந்தேகப்படுது.”

“இருபத்திரண்டு வருஷமா இதே கதவு வழியாத்தான் வர்றேன்!”

“அதேதான். தினம் எட்டு மணி, அதே கதவு, கையில அதே காப்பி. மனுஷங்க அப்படி நடந்துக்க மாட்டாங்க. மனுஷன் மாதிரி நடிக்கிற இயந்திரம்தான் அப்படி நடந்துக்கும். பூட்டு கண்டுபிடிச்சிடுச்சு. வாழ்த்துகள்.”

“இப்ப நாங்க என்ன செய்யறது?”

“கொஞ்சம் ஒழுங்கில்லாம வந்து பாருங்க.”

முப்பத்தொரு அரசு ஊழியர்களும் மறுநாள் ஒழுங்கில்லாமல் வந்தோம். பலனில்லை. தாமதமாக வருவதிலும் எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்ததாம். கதவை உடைக்கலாம் என்றேன். அரசுச் சொத்து, ஐந்து வருஷம் உள்ளே என்றார்கள்.

திங்கட்கிழமையே மேற்கு வர்ஜீனியா மலையிலிருந்து திருமதி பாஸ்கம் கூப்பிட்டிருந்தாள்.

“கண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு வலிப்பு மாத்திரை நாலுதான் இருக்கு. நாளைக்கு, புதன், வியாழன், வெள்ளி. அவ்வளவுதான். வியட்நாம்ல மண்டையில அடிபட்டவர். ஒருநாள் தவறினாலும் விழுந்துடுவார். ஊர் மருந்துக்கடைக்காரன், ‘உங்க பேர் வாஷிங்டன்ல பதிவாயிருக்கு, நான் கொடுத்தா என் உரிமம் போயிடும்’கிறான்.”

“உங்க பெட்டி தயார்மா. கதவுல இருக்கிற கண்ணாடி வழியாத் தெரியுது. மூணாவது தட்டு.”

“தெரியுதா? பார்த்துக்கிட்டா இருக்கீங்க?”

“ஆமாம்மா” என்றாள் ஒடெஸா. வேறென்ன சொல்வாள்?

பூட்டுச் சட்டம் போட்ட நாடாளுமன்றக் குழுவின் தலைவர் ஹார்லன் டீட்ஸ். அவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஆனால் புதன் மாலை தார்ன்ஹெட்ஜ் அவருக்கு வரவேற்பு கொடுத்தது. அதில் யாரும் நுழையலாம். ஒடெஸா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் ஊர் சட்டம் தெளிவானது. மக்கள் பிரதிநிதி உட்கார்ந்து, முள்கரண்டியால் தின்றால் அது விருந்து. விருந்து லஞ்சம். நின்றுகொண்டு பல்குத்தும் குச்சியால் தின்றால் அது வரவேற்பு. வரவேற்பு ஜனநாயகம். ஆகவே அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி கிடையாது. தேசத்தின் நேர்மை இருநூறு ஜோடிக் கால்களில் நின்றது.

டீட்ஸுக்குப் பக்கத்தில் கோர்ட்லண்ட் ஃபிஞ்ச். ஒன்பது வருஷம் டீட்ஸிடம் வேலை பார்த்து அந்தச் சட்டத்தை எழுதியவன். பிறகு வேலையை விட்டு, விதிப்படி ஓராண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான். இப்போது தார்ன்ஹெட்ஜுக்காக அதே வாயைத் திறந்திருந்தான். இப்படிப் பேசுவதற்கு மட்டும் கம்பெனி ஆண்டுக்கு நாற்பது லட்சம் டாலர் செலவழித்தது. ஒளிவுமறைவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை அந்தக் கணக்கைத் தாங்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வழிப்பறிக்காரன் ரசீது கொடுத்தால் அதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர்.

“ஐயா, ஒருத்தருக்கு ரெண்டு மாத்திரைதான் பாக்கி. கதவு திறக்கலை” என்றாள் ஒடெஸா.

டீட்ஸ் ஓர் இறாலைக் குத்தினார். “வெளியாள் யாராவது நுழைஞ்சாங்களா?”

“நாங்களே நுழைய முடியலையே!”

“கேட்டியா ஃபிஞ்ச்? ஒருத்தர்கூட நுழையலை!”

“நூத்துக்கு நூறுங்க. எந்தப் பூட்டும் இதுவரைக்கும் எடுக்காத மார்க்கு.”

“பழைய பூட்டு?”

“வெக்கக்கேடுங்க. தினம் முப்பத்தொரு பேர் உள்ளே போயிருக்காங்க.”

டீட்ஸ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். கால் கடுத்து ஒடெஸா ஜன்னல் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஃபிஞ்ச் பதறி ஓடிவந்தான்.

“எழுந்திரிங்க மேடம்! நீங்க உட்கார்ந்தா இது விருந்தாயிடும்! ஐயா மானம் போயிடும்!”

“வலிப்பு வந்தவர் படுத்துத்தான் கிடப்பார். அதுக்கு உங்க சட்டம் என்ன சொல்லுது?”

“நல்ல கேள்வி” என்றார் டீட்ஸ். “ஒரு துணைக்குழு போட்டுடலாம்.”

நான் ஏழு இறால் தின்றேன். நின்றுகொண்டுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் வாசலில் ஒரு பழைய பச்சை லாரி வந்து நின்றது. ஆறு மணி நேரம் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள் திருமதி பாஸ்கம். எலும்பும் தோலுமான கிழவி. கடைசி மாத்திரையைக் காலையில் புருஷன் வாயில் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

“எங்கே அந்தக் கதவு?”

“திறக்காதும்மா” என்றாள் ஒடெஸா.

கிழவி போய் நின்றாள். கண் அவளைப் பார்த்தது. பழக்கமில்லாத முகம். நேரமில்லாத நேரம். எந்தப் பதிவிலும் இல்லை. சந்தேகமே இல்லாமல் மனுஷி. கதவு திறந்தது. “நல்வரவு” என்றது. எங்களில் ஒருவரையும் அது அப்படி அழைத்ததில்லை.

“இதுக்கா நாலு நாளாக் கூத்தடிச்சீங்க?” மூன்றாவது தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக் கைப்பையில் திணித்தாள். போகத் திரும்பியவள் நின்றாள். “மத்ததெல்லாம் யாரோடது?”

“உங்க வீட்டுக்காரர் மாதிரி நானூறு பேரோடதும்மா.”

“வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்களே, கையை நீட்டுங்க!”

கதவு மூடாதபடி கைப்பையை இடுக்கில் செருகிவிட்டு நானூறு பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம். எங்களில் ஒருவரும் வாசற்படியைத் தாண்டவில்லை. எங்களுக்கு அனுமதியில்லை. இருட்டுமுன் மலை ஏறவேண்டும் என்று லாரியைக் கிளப்பிப் போய்விட்டாள். சனிக்கிழமை காலை மாத்திரையைப் புருஷன் நேரத்துக்கு விழுங்கினான்.

திங்கட்கிழமை விசாரணை. பூட்டு மாட்டியபின் நடந்த முதல் ஊடுருவல் என்றான் ஃபிஞ்ச். எதிரி எவ்வளவு கைதேர்ந்தவள் என்றால், கதவு வழியாகவே வந்திருக்கிறாள். டீட்ஸ் நடுங்கிப்போனார். எல்லா அரசு அலுவலகத்துக்கும் இரண்டிரண்டு பூட்டு என்று தீர்மானம். எதிர்த்து ஒரு வோட்டு விழவில்லை.

சாட்சி கேட்டார்கள். ஊடுருவல் இல்லை என்று சொன்னால், ஏன் நாலு நாள் வெளியே நின்றோம் என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஊடுருவல்தான் என்று முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. கடைசியாக ஒடெஸா, யார் முகத்தையும் பார்க்காமல்.

நாற்பது பக்க அறிக்கை. அதில் உண்மை ஒரே ஒரு வரி. கதவைத் திறந்தவர்: வெர்னா லீ பாஸ்கம்.