எட்டே எட்டுப் பன்றிகள்

அன்புள்ள மருமகன் நவோகிக்கு,

மாமா தத்சுவோ எழுதுவது. மழை விட்டு, கடல் தெளிந்து, மலைச்சரிவில் மிகான் ஆரஞ்சுப் பழங்கள் மஞ்சள் பிடிக்கத் தொடங்கும் இந்த நாளில் நீயும் உன் பல்கலைக்கழகப் பெரியவர்களும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அத்தை கினுவே உன்னை விசாரித்தாள். எந்த வார்த்தைகளில் விசாரித்தாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதிர்க்கரையிலிருந்து காட்டுப்பன்றிகள் நம் தீவுக்கு நீந்தி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கூண்டு வைத்துப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தோம். இந்த வசந்தத்தில் நீ வந்து, "கொல்றதுக்கு முன்னாடி எத்தனை இருக்குன்னு எண்ணணும் மாமா" என்றாய். முப்பத்தெட்டு வருஷம் படகுத்துறையில் டிக்கெட் எண்ணியவன் நான், எண்ணுவது எனக்குப் புதிதில்லை என்று ஒப்புக்கொண்டேன். பிடித்த பன்றியின் காதில் மஞ்சள் வில்லை மாட்டி விட்டுவிட வேண்டுமாம், மறுபடி பிடிக்கும்போது எத்தனையில் வில்லை இருக்கிறது என்று பார்த்தால் மொத்தத் தொகை தெரிந்துவிடுமாம். எட்டுப் பன்றிக்கு மாட்டினோம். பக்கத்துத் தோட்டத்து ஷிகெமத்சு வேலிச்சுவரில் சாய்ந்துகொண்டு, "பிடிச்ச பன்னிக்குத் தோடு போட்டு அனுப்புறியாமே தத்சுவோ, அடுத்த தடவை உதட்டுச்சாயமும் பூசி விடு" என்றான். பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை ஆறு பன்றி விழுந்தது, ஆறின் காதிலும் மஞ்சள். நீ சொன்னபடி கணக்குப் போட்டேன். தீவில் மொத்தமே எட்டு. படகுத்துறைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன். அன்று மத்தியானமே துறைக்கடை தோமியே தன் ஜன்னல் வழியே பதினோரு பன்றிகள் கரையோரம் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறாள், ஒன்றின் காதிலும் வில்லை இல்லை. என் எட்டுக்குக் கீழே அவள் எழுதினாள்: 'இவை எந்த ஊர்?'

உனக்குப் போன் செய்தேன். "சில பன்னிக்குக் கூண்டு பிடிச்சுப் போயிடும் மாமா. தவிடு கிடைக்குது, யாரும் அடிக்கிறதில்ல, அதுங்களே திரும்பத் திரும்ப வரும். மத்ததெல்லாம் கிட்டயே வராது. அப்ப கணக்கு தப்பும்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே மாமா, நீங்க கொட்டாவி விட்டீங்க."

சரி, கோடையில் மறுபடி கொல்லத் தொடங்கினோம். தோடு போட்ட எட்டும் நன்றி விசுவாசத்தோடு வந்து விழுந்தன. அதோடு சரி. மற்றவை கூண்டைச் சுற்றி நடந்து, வெளியே சிந்திய தவிட்டை மட்டும் நக்கிவிட்டு, நேராக என் தோட்டத்துக்குப் போகின்றன. அதற்கும் உன்னிடம் விளக்கம் இருந்தது. "கூண்டுக்குப் பயப்படாததை ஒன்பது வருஷமா நீங்களே பொறுக்கி எடுத்துட்டீங்க. பயந்தாங்கொள்ளிங்க மிஞ்சி குட்டி போட்டிருக்கு. குட்டிக்கும் அந்தச் சுபாவம் கொஞ்சம் வரும், கொஞ்சம் தாயைப் பார்த்துக் கத்துக்கும். பரிணாமம் கண்ணு முன்னாடி நடக்குது மாமா." அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. கூட்டம் குறைந்ததால் மிஞ்சியவற்றுக்குத் தீனி அதிகம், தீனி அதிகமானதால் குட்டிகளும் அதிகம் என்று வேறு சேர்த்துக்கொண்டாய். ஆக, ஒன்பது வருஷம் முதுகு ஒடிய உழைத்து, முன்னிலும் புத்திசாலியான, முன்னிலும் கொழுத்த பன்றியை நான் வளர்த்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூட மறந்திருப்பேன். போன மாதம் ஊர்க்கூட்டத்தில் நீ செய்ததைத்தான் மறக்க முடியவில்லை. பன்றிகளின் எண்ணிக்கைக் கோடு வருஷா வருஷம் மேலே ஏறுவதை வரைந்து காட்டினாய். தோமியே, "இத்தனைக்கும் இங்க சோறு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். "ஆள் விட்டுட்டுப் போன தோட்டங்கள்லேருந்துதான். பழம் விழுந்து கிடக்கு, புதர் மண்டிக் கிடக்கு. சாப்பாடும் இருக்கு, ஒளிய இடமும் இருக்கு. அது இருக்கிற வரைக்கும் இந்தத் தீவு இன்னும் எத்தனையோ பன்னியைத் தாங்கும்" என்றாய். அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவள், "அப்ப எங்க ஊர் ஜனங்களோட கோட்டையும் வரைஞ்சு காட்டு" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கிறவளிடம் சிரித்து மழுப்பத் தெரியாதா உனக்கு? வரைந்தாய். அறுநூற்று நாற்பதில் தொடங்கி நூற்றெண்பத்தேழில் இறங்கி நிற்கும் கோடு. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு பிறப்பு. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைத்து வருஷமும் எழுதினாய். ஷிகெமத்சு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் என்னிடம் வந்தான். "அறுவடை முடிஞ்சதும் ஒசாகாவுக்கு மகன்கிட்டப் போறேன். எண்ணிக்கையில ஒண்ணு குறையட்டும்" என்றான். அவன் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் ஒரே கற்சுவர். ஐம்பது வருஷமாக அந்தச் சுவரின் இரு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறோம். அவன் போனால் பன்றி அந்த வழியாக வரும் என்பது இருக்கட்டும், காலையில் எழுந்து நான் யாரைத் திட்டுவேன்? அதனால் நாங்களும் மத்சுயாமா நகரில் எங்கள் மகளோடு போய் இருந்துவிடத் தீர்மானித்துவிட்டோம். கினுவே அட்டைப்பெட்டி சேர்க்கத் தொடங்கிவிட்டாள். நீ இனி இந்தப் பக்கம் வர வேண்டாம். நீ கொண்டுவந்த கூண்டுகளைப் படகில் ஏற்றி அனுப்புகிறேன்.

உன் ஆராய்ச்சி தழைக்கட்டும், வேறு ஏதாவது தீவில். குளிர் வருகிறது, தொண்டையைப் பார்த்துக்கொள். உன் அம்மாவிடம் அண்ணன் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா தத்சுவோ

பின்குறிப்பு: காற்று அடித்து மூன்று நாள் படகு ஓடவில்லை, கடிதம் மேஜையிலேயே கிடந்தது. இன்று காலை ரம்பச் சத்தம் கேட்டது. ஷிகெமத்சு தன் மரங்களை வெட்டுகிறான் என்று பதறி ஓடினேன். அவன் நின்றது எங்களுக்கு மேலே இருக்கும் ஆளில்லாத தோட்டத்தில். இடுப்பளவு புதரை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். தோமியேயும் இன்னும் நாலு பேரும் விழுந்த பழத்தைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார்கள். "ஒசாகா போறேன்னியே?" என்றேன். "போகலாம், அவசரம் என்ன. முதல்ல பன்னி பட்டினி கிடக்கிறதைப் பார்த்துட்டுப் போறேன். நீ மரம் மாதிரி நிக்காம அரிவாளை எடு" என்றான். எடுத்தேன். சாயங்காலம் வரை நிமிரவில்லை. கினுவே தன் அட்டைப்பெட்டிகளை எல்லாம் பழம் வாரக் கொடுத்துவிட்டாள், ஆகையால் மத்சுயாமா பயணம் இல்லை. மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. இன்னும் நாலு தோட்டம் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் படகிலேயே வந்துவிடு. கையுறை இரண்டு ஜோடி கொண்டு வா, ஒன்று பெரியதாக இருக்கட்டும். ஷிகெமத்சுவுக்குக் கை பெரிது.