வட்டத்துக்குள் ஒரு புள்ளி

இது நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு சாரணர் முகாமில் பெரிய அண்டாவின் அந்தப் பக்கத்தைத் தேய்த்த பல் டாக்டர் சொல்லிக் கேட்டது. இந்தப் பக்கத்தைத் தேய்த்தவர்தான் நம் கதாநாயகர்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளிலேயே காலத்தை ஓட்டிவிட்டதால் மற்ற நான்கும் அவருக்குப் பிடிபடுவதில்லை. பக்கத்துத் தெருவுக்கே மனைவிதான் வழி சொல்ல வேண்டும். மனைவிக்கு அது தொழில். கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். ஊரில் பாதிப் பேரை இடமும் வலமும் திருப்பியவர், வீட்டில் ஒருவரைத் திருப்புவதா கஷ்டம்?

வாரமெல்லாம் ஏறி இறங்குகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. அதன் தலையில் கல் விழுந்தது. மகளின் சாரணர் படை சனி, ஞாயிறு காட்டில் முகாம் போடுகிறது. குடும்பத்தோடு வரவேண்டும்.

"நான் வரலை."

"சரி, இருங்க. ஒட்டடை அடிச்சுட்டு, பரண்ல இருக்கறதை எல்லாம் இறக்கித் துடைச்சு..."

"எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

வெள்ளிக்கிழமை மாலை மகள் கூடத்தில் குச்சிகளைப் பரப்பிப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்புக்குறின்னா இந்தப் பக்கம் போ. பெருக்கல் குறின்னா இந்த வழி கிடையாது. வட்டம் போட்டு நடுவுல புள்ளி வச்சா, நான் வீட்டுக்குப் போயிட்டேன்."

சோபாவில் சரிந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"வட்டம் போட்டுட்டா வீட்டுக்குப் போயிடலாமா? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"அதான்ப்பா சட்டம்."

வட்டம்தான் சட்டம்! சொல்லாமல் நழுவினால் ஓடிப்போனவன் ஆவான். குறி போட்டு நழுவினால் தகவல் தெரிவித்தவன். காரின் மாற்றுச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை காரை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே முகாமுக்கு நடந்தார்கள். அவர் பத்தடிக்கு ஒருதரம் குனிந்தார். திரும்பி வர வழி தெரிய வேண்டாமா? காரைப் பார்த்து ஒவ்வொரு குச்சி அம்பாக வைத்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, அடிக்கொருதரம் குனியறீங்க?"

"ஷூ லேஸ் அவிழுது."

"நீங்க போட்டிருக்கறது செருப்பு."

"அதான் நிக்கவே மாட்டேங்குது."

மனைவி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்ல சகுனம் என்று நினைத்தார். அனுபவம் போதவில்லை.

மதியம் சாப்பாடு முடிந்தது. பிள்ளைகள் தடம் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு யாராவது முன்னால் போய்க் குறி போட வேண்டும் என்றார் சாரணர் ஆசிரியை. அப்பாக்கள் எல்லாரும் திடீரென்று வானத்தைப் பார்த்தார்கள். நம்மவர் கையைத் தூக்கினார்.

"நான் போறேன்!"

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றார் மனைவி. குரலில் அவ்வளவு தேன்.

போட்ட அம்புகளைப் பார்த்தபடியே நடந்தார். காலையில் இடப்பக்கம் இருந்த புற்று வலப்பக்கம் வந்தது. திரும்பி நடப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று தேறினார். ஆனால் அதே புற்று மறுபடி வந்தது. ஒரு புற்று எத்தனை பக்கம்தான் இருக்கும்? அம்பு பொய் சொல்லாது, அதுவும் தன் கையால் வைத்த அம்பு. நடந்தார். புகை வாசனை வந்தது. கடைசி அம்பு ஒரு புதரைத் தாண்டச் சொன்னது. தாண்டினார்.

காரைக் காணோம். முகாமின் சமையல் கொட்டகைதான் இருந்தது. கரி பிடித்த அண்டா. அதன் முன்னால் கூழாங்கல்லில் ஒரு வட்டம். நடுவில் புள்ளியாகப் பாத்திரம் தேய்க்கும் நார்.

அவர் குழம்பிப்போனார். அந்தக் குறியைப் போட வேண்டியவர் அவர். இன்னும் போடவில்லை. ஆனால் போட்டிருக்கிறது. அப்படியானால் அவர் வீட்டுக்குப் போய்விட்டாரா? போயிருந்தால் இங்கே நிற்பது யார்? கையைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. வீட்டில் கிள்ளினாலும் இப்படித்தான் வலிக்கும். ஆக, அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா வந்தாச்சு!" என்று மகள் ஓடிவந்தாள்.

"இது... நான் போட்டதா?"

"இல்லப்பா, அம்மா போட்டது. எல்லா அம்மாவும் கிளம்பியாச்சு. நாளைக்குச் சாயங்காலம்தான் கூப்பிட வருவாங்க. அதுவரைக்கும் சமையல், பாத்திரம் எல்லாம் அப்பாக்கள்தானாம். டீச்சர்கிட்ட சொல்லிட்டாங்க."

"என் அம்பு?"

"காலையிலேயே பின்னாடி வந்து, சுத்திச் சுத்தி இங்கேயே வர்ற மாதிரி ஒவ்வொண்ணா இடம் மாத்தித் திருப்பி வச்சாங்களே! இண்டிகேட்டர் போடாமத் திரும்பக் கூடாதுன்னு எனக்கும் சொல்லிக்குடுத்தாங்க."

சட்டைப்பையில் சாவி இருந்தது. கார்தான் இல்லை.

"யாராவது எனக்கு ஒரு லிஃப்ட் குடுங்களேன்" என்றார் ஈனக் குரலில்.

"ஊருக்கே லிஃப்ட் குடுக்கறவர் நீங்க" என்று பல் டாக்டர் நாரில் பாதியைக் கிழித்து நீட்டினார். "நல்லா உள்பக்கமும் தேய்ங்க."

கேட்ட கதையை அப்படியே எழுத எனக்குப் பயம். அதனால் லிஃப்ட்காரரின் கீழ்வீட்டில் விசாரித்தேன். அவர் முகாமில் அண்டா தேய்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் வரை மேலே குறட்டைச் சத்தம் கேட்டதாம்.

"பாவம், வாரம் பூரா உழைக்கற மனுஷன், நல்லாத் தூங்கட்டும்னு நாங்க டிவி சத்தத்தைக்கூடக் குறைச்சு வச்சோம்" என்றார்கள்.