ஸ்டீபன்ராஜின் முதுகும் பதினேழு படங்களும்

என் கணவர் ஸ்டீபன்ராஜ் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இனி எதையும் தெரிந்துகொள்ள யாரும் வீட்டை விட்டு இறங்க வேண்டியதில்லை. போனில் ஒரு படம் எடுத்தால் போதும். அது என்ன, எங்கே விளையும், என்ன விலை என்று போனே சொல்லிவிடும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவருக்கு ஒரு பூட்டுக் கடை. யாரோ ஒரு பழனிக்காரர் களிம்பேறிய பித்தளைப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, போன் அதே மாதிரிப் பூட்டுகளை வரிசையாக எடுத்துப் போட்டது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி அக்கா ஆறு வருஷமாக வளர்க்கிற பூனையைப் படமெடுத்து, அது என்ன ஜாதி என்று அவருக்கே விளக்கிவிட்டு வந்தார். நான் வைத்த கீரைக் கூட்டையும் விடவில்லை.

"பாசி படர்ந்த குளம்னு வருது, ஐரின்," என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்ட பிறகு.

எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, பாப்பாவின் கன்னம் சிவக்கும் வரை.

எட்டு மாதக் குழந்தை. வலது கன்னத்தில் சதுரமாக ஒரு சிவப்பு. வெள்ளிக்கிழமை லேசாக இருந்தது, சனிக்கிழமை விடிந்தபோது தடித்துவிட்டது. எனக்கு முதல் பிள்ளை. அவள் தும்மினாலே ஜெபமாலையைத் தேடுகிற ஆள் நான்.

"டாக்டரம்மாட்ட காட்டிட்டு வந்துருவோம்ங்க."

"எதுக்கு? செத்த இரு." போனை எடுத்துவிட்டார். "பாப்பா, இங்க பாரு."

முதல் படத்துக்கு, தரையில் பதிக்கிற ஓடு என்று வந்தது. இரண்டாவதுக்கு பீட்ரூட் அல்வா.

"அல்வாவா?"

"வெளிச்சம் பத்தலை. ஜன்னல் பக்கம் தூக்கிட்டு வா."

ஜன்னல் பக்கம் படம் தெளிவாக விழுந்தது. போனும் தெளிவாக ஒரு நோயின் பெயரைச் சொன்னது. நீளமான பெயர். அதற்குக் கீழே இன்னும் நீளமாக விவரம். பத்து வருஷம் கான்வென்டில் இங்கிலீஷ் படித்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன். எல்லாம் புரிந்து தொலைத்தது.

"ஏங்க, என்னென்னமோ போட்டிருக்கே. கிளம்புங்க."

"பதறாத. அதுக்குப் பக்கத்துலயே ஸ்ட்ராபெர்ரி ஜாம்னும் போட்டிருக்கு பாரு. ஜாமுக்குப் போயி டாக்டர் எதுக்கு?"

"நம்ம வீட்டுல ஜாமே கிடையாது."

"அதான் சொல்றேன். இன்னும் நாலு படம் எடுத்தாத்தான் முடிவு தெரியும்."

மத்தியானத்துக்குள் பதினேழு படம் ஆயிற்று. முடிவு தெரியவில்லை. நான் ஜெபமாலையை எடுத்துவிட்டேன். அவருக்குப் பிரியாணி சாப்பிட்ட தூக்கம் வந்தது. சட்டையில்லாமல் ஒயர் கட்டிலில் மல்லாந்தவர் நாலரைக்குத்தான் எழுந்தார்.

எழுந்து திரும்பி உட்கார்ந்தபோது பார்த்தேன். முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிவப்பு. கட்டிலின் ஒயர் பதிந்த தடம். தினமும் பார்க்கிறதுதான், அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். எனக்கு அந்த அரை மணி நேரம் போதும் என்று பட்டது.

பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"ஏங்க, உங்க முதுகு செவந்திருக்கு."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். கட்டம் கட்டமா."

"பாப்பாவுக்கு இருக்கே, அது மாதிரியா?"

"அவளுக்கு ஒரு கட்டம். உங்களுக்கு எண்ண முடியலை."

போனை என்னிடம் நீட்டினார். எடுத்தேன். ஒரே தடவையில் தெளிவாக விழுந்தது. வாங்கித் தேடினார். கட்டைவிரல் திரையில் மேலே போனது, கீழே வந்தது, நின்றது.

"தரை ஓடுன்னா வருது?" என்று கேட்டேன்.

போனை மூஞ்சிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அல்வாவா?"

"டாக்டரம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"

"அஞ்சுக்கு. நீங்கதான் இன்னும் நாலு படம் எடுத்தா..."

"படம் எடுக்குற நேரமா இது? சட்டையை எடு. பாப்பாவையும் தூக்கு. ஒட்டுவாரொட்டின்னு போட்டிருக்கு."

மரியநாதபுரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் வழியெல்லாம் முதுகைச் சாய்க்காமல் கம்பி போல உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. பாப்பாவின் கன்னத்தைப் பார்த்தேன். பாவம் போய்விட்டது.

டாக்டரம்மா முதலில் பாப்பாவைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். "இவ யார் மேல தூங்குவா?" என்று கேட்டார்.

"அவர் மேலதான். வீட்டுல சட்டை போடாம நெஞ்சுல சாச்சுப் போட்டுத் தட்டுவாரு."

டாக்டரம்மா அவர் காலருக்குள் தெரிந்த கயிற்றை வெளியே எடுக்கச் சொன்னார். உத்தரியம், நாங்கள் கழுத்தில் போடுகிற மாதா கயிறு. பாப்பா நல்லபடியாகப் பிறந்ததற்கு மாதாவுக்கு நேர்ந்து, போன வாரம்தான் கோயிலில் பங்குச் சாமியாரிடம் மந்திரித்துப் போட்டுக்கொண்டது. கயிற்றின் நுனியில் சதுரமாக ஒரு கம்பளித் துணி. டாக்டரம்மா அதைப் பாப்பாவின் கன்னத்தருகே பிடித்தார். அளவெடுத்து வெட்டினாற்போலப் பொருந்தியது.

"கம்பளி உரசியிருக்கு. வேற ஒண்ணுமில்ல. பனியனைப் போட்டு அதுக்குள்ள விட்டுக்கங்க. நாலு நாள்ல மறைஞ்சிரும்."

அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறாள் என்று பாப்பா என்னையே பார்த்தாள்.

"டாக்டர், என் முதுகு," என்று அவர் சட்டையைக் கழற்றித் திரும்பினார்.

"முதுகுக்கு என்ன?"

"செவப்பா."

"ஒண்ணையும் காணோமே."

"போட்டோல இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல ஒயர் கட்டிலா?" என்று அவரிடம் கேட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வந்தார். தெரு திரும்பும்போது கேட்டார்.

"அது கட்டில் தடம்னு உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆனதுலருந்து பாக்குறேன்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீங்க போன்கிட்டல்ல கேட்டீங்க."