ஐகன் தாத்தாவின் வாழ்க்கை வரலாறு

பரீட்சையில் 'தெரியாது' என்று ஒரு கேள்வியைக்கூட விட்டவள் இல்லை நான். "தெரியலைன்னாலும் எதையாவது எழுதி வை, திருத்துறவர் மனசிரங்கி மார்க் போடுவார்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட கூட்டம் நாங்கள். இதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை. படப்போவதும் இல்லை.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் முதுகலை படித்தபோது கணிதத்தில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது, வாய்மொழித் தேர்வு. அதிலும் கோட்டை விட்டால் படிப்பு அம்பேல், மதுரைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பேராசிரியர் லேசாக ஆரம்பித்தார். "ஐகன்வேல்யூ என்கிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது?"

சத்தியமாகத் தெரியாது. ஆனால் கணிதத்தில் பாதிச் சொற்கள் யாரோ ஒருவருடைய பெயர்தானே? "ஐகன்னு ஒரு ஜெர்மன் மேதை கண்டுபிடிச்சது சார்" என்றேன். (வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். என் ஜெர்மன் பேக்கரியைத் தாண்டியதில்லை.)

"அப்படியா? எந்த ஊர்க்காரர்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "ஹனோவர் சார். ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம். சின்ன வயசுலேயே காசநோய்ல போய்ச் சேர்ந்துட்டார்."

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐகன் என்றால் எங்கள் மொழியில் 'சொந்த' என்று அர்த்தம்" என்றார் பேராசிரியர். "ஒரு மேட்ரிக்ஸுக்கே சொந்தமான மதிப்பு, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் ஆள் பிறக்கவே இல்லை."

அவமானம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். "பாதியை இங்கிலீஷ்ல மாத்திட்டு மீதியை ஜெர்மன்லயே விட்டது யார் சார்? முழுசா மொழிபெயர்த்திருந்தா நான் ஏன் ஒரு மனுஷனைக் கொல்லப்போறேன்?"

பேராசிரியர் கரும்பலகையைக் காட்டினார். "சரி, கணக்கையாவது போடுங்கள்."

அதே கோபத்தில் போட்டேன். சாக்பீஸ் உடைந்தது, விடை சரியாக வந்தது. பாஸாக எது குறைந்தபட்ச மார்க்கோ அது கிடைத்தது. "மார்க் கணக்குக்கு மட்டும்தான். இறந்தவருக்கு என் அனுதாபங்கள்" என்றார் அந்த மனிதர்.

இதைக் கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடம் உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கதை விட்டாலும், "ஐகன் தாத்தா சொன்னாரா?" என்ற கேள்விதான்.

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்துக்காக வம்ச மரம் வரைந்தாள். என் அப்பாவுக்கு மேல் கிளையில் மீசையோடு ஒருவர். கீழே 'ஐகன், ஹனோவர்' என்று எழுதியிருந்தாள். கணவர் சிரித்துக்கொண்டே ரப்பரை நீட்டினார். நான் வாங்கவில்லை.

என் டிகிரிக்காக உயிரையே விட்ட மனுஷன். இருந்துவிட்டுப் போகட்டும்.